40,000 ரூபாய், ஒரு லப்டொப், உப்புவெளி வெக்கை: எந்த ஹெட்போன்?

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்தே லப்டொப்பில் டிசைன் வேலை. ஒரு நாளைக்கு ஆறேழு மணித்தியாலம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கர்நாடக சங்கீதமும் எண்பதுகளின் படப்பாட்டும்தான் கூட. கையில் 40,000 ரூபாய் வரை இருக்கிறது. அறையில் ஏசி இல்லை, யன்னல் திறந்துதான் இருக்கும், அம்மா கூப்பிட்டால் கேட்கவேண்டும். கடைக்காரர், சுற்றிவர ஏழு திசையில் இருந்து ஒலி வரும் என்று விற்கும் 7.1 கேமிங் ஹெட்செட்டைக் காட்டுகிறாராம். நண்பர் ஒருவரோ, டாக்கும் (கணினியின் டிஜிட்டல் தரவை ஒலிக்கான மின்சைகையாக மாற்றுவது) அம்பும் (அந்தச் சைகையைப் பலப்படுத்துவது) இல்லாமல் எந்த ஹெட்போன் வாங்கினாலும் காசு வீண் என்கிறாராம். பார்த்தால் மொடல் பெயர் கேட்கிற கேள்விதான். வடிவாக வாசித்தால் அதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது: அந்தக் காசில் எவ்வளவு காதில் போடுவதற்கு, எவ்வளவு மேசையில் வைக்கும் பெட்டிக்கு, இந்த வெக்கையில் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு இருக்கக்கூடியது எது.

என்னைப் பற்றி இரண்டு வரி, எதை நம்பலாம் எதை விடலாம் என்று நீங்களே தீர்மானிக்க. திருகோணமலையில் கோயில் திருவிழா, கலியாண மண்டபம், மேடைக் கச்சேரி என்று சவுண்ட் வேலை செய்து, பிறகு சிறிய ஒலிப்பதிவு அறை ஒன்றை நடத்துகிறவன். பழுதான ஹெட்போன்களும் என் மேசைக்கு வரும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 12,000 ஹேர்ட்ஸுக்கு மேலே என் காதுக்குப் பெரிதாக ஒன்றும் எட்டாது. ஆகவே கீச்சுப் பக்கத்தின் உச்சியைப் பற்றி நான் ஏதும் சொன்னால் அதை விட்டுவிட்டு அளவீட்டு வரைபடங்களைப் பாருங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அறைக்கு வயர் உள்ள, பின்பக்கம் திறந்த, காதை முழுதாகச் சுற்றி உட்காரும் ஹெட்போன். மின்தடை 32 முதல் 120 ஓமுக்குள். பஞ்சணை துணியாக இருக்கவேண்டும், வயரும் பஞ்சணையும் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் இன்னும் திறம். காசு முழுவதையும் அதிலேயே போடுங்கள். டாக், அம்ப் இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

மூடிய ஹெட்போனில் கிண்ணத்தின் பின்பக்கம் பிளாஸ்டிக்கால் அடைத்திருக்கும். திறந்ததில் வலை மட்டும்தான்; டிரைவரின், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கரின், முதுகுப் பக்கத்து ஒலி வெளியே போய்விடும். சென்ஹைசர் என்ற ஜேர்மன் கம்பனி 1968இல் கொண்டுவந்த எச்டி 414இல் இருந்து இந்த வகை வீடுகளுக்குள் வந்தது. ஒலி கிண்ணத்துக்குள் முட்டித் திரும்புவது குறைவதால், குரல் தலைக்குள் அடைபட்டதுபோல் இல்லாமல் கொஞ்சம் வெளியே விரிந்து கேட்கும். எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய நன்மை காற்றுப் போய்வருவது. கச்சான் அடிக்கிற மாதங்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு மூடிய ஹெட்போனை அரை மணித்தியாலம் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். எத்தனை நல்ல ஒலியாக இருந்தாலும் காதைச் சுற்றி வேர்வை பிடித்தபிறகு கழற்றிவைக்கத்தான் தோன்றும். விமர்சனம் எழுதுகிறவர்களில் அதிகம் பேர் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதுகிறார்கள். அவர்கள் எழுதாத குறை இது.

திறந்ததற்கு விலையும் உண்டு. வெளியே போகிற ஒலி பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். ஒரே அறையில் ஒருவர் நித்திரை கொண்டால் இரவில் சண்டை வரும். வெளிச் சத்தமும் தடையில்லாமல் உள்ளே வரும். அம்மா குசினியில் இருந்து கூப்பிடுவது கேட்கும், கூரையில் காகம் கத்துவதும் கேட்கும். தலைக்கு நேர் மேலே சுழலும் ஃபேனின் காற்று, திறந்த கிண்ணத்தின் வலையில் பட்டுப் படபடக்கும். இதற்காக ஹெட்போனை மாற்றவேண்டியதில்லை. கதிரையை ஃபேனுக்கு நேர் கீழே இருந்து நகர்த்துங்கள், அல்லது நிற்கிற ஃபேனை முதுகுப் பக்கம் வையுங்கள். பெருந்தெருப் பக்கத்து வீடு, பக்கத்தில் மரம் அரியும் ஆலை, ஓயாமல் ஓடும் ஜெனரேட்டர் என்றால் என் பதில் மாறும், அப்போது மூடியதுதான்.

என் மேசைக்கு வருகிற ஹெட்போன்களில் டிரைவர் செத்துப்போனவை குறைவு. பஞ்சணை உரிந்தவை, வயர் உள்ளே அறுந்தவை, ஜாக்கில் பச்சை பிடித்தவைதான் கூட. செயற்கைத் தோல் என்று விற்பது துணியின் மேல் பூசிய பொலியூரித்தேன் படலம். காற்றின் ஈரமும் வேர்வையும் அதை மெல்ல மெல்ல உடைக்கும். பெட்டிக்குள் பாவிக்காமல் வைத்தாலும் எங்கள் ஊரில் உரியும். முதலில் மடிப்பில் ஒரு கீறல், பிறகு கறுப்புத் தூள் கன்னத்தில் ஒட்டும், பிறகு கிண்ணத்துக்கும் தலைக்கும் இடையில் இடைவெளி விழும். மூடிய ஹெட்போனில் அந்த இடைவெளிக்குள்ளால் பேஸ் முழுக்க ஓடிவிடும். “சத்தம் மெலிஞ்சு போச்சு அண்ணை, டிரைவர் போயிட்டுது போல” என்று கொண்டுவருவார்கள். நான் கிண்ணத்தை விரலால் தலையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்வேன். பேஸ் திரும்பி வந்துவிடும். புதுப் பஞ்சணை ஒரு சோடி போட்டால் வேலை முடிந்தது. ஆகவே வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இதற்குப் பஞ்சணை தனியாகக் கிடைக்குமா என்பது. வெல்வெட் மாதிரியான துணிப் பஞ்சணை உரியாது. தூசி பிடிக்கும், கழற்றி இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசி நிழலில் காயவிடலாம். கடற்கரைப் பக்கத்து வீடு என்பதால் ஜாக்கை அவ்வப்போது ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடையுங்கள். கரகர சத்தத்தில் பாதி அதோடு போய்விடும்.

இனி நண்பரின் அம்ப். அவர் சொல்வது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன், உங்கள் விலைக்குப் பொருந்தாது. கணக்கைப் பாருங்கள். சென்ஹைசர் எச்டி 560எஸ் 120 ஓம். அதற்கு 1 வோல்ட் கொடுத்தால் 110 டெசிபெல் சத்தம் வரும் என்பது கம்பனியே கொடுத்திருக்கும் எண். பல லப்டொப் ஜாக்குகளில் இருந்து ஏறத்தாழ அந்த 1 வோல்ட் கிடைக்கும். 110 டெசிபெல் என்பது காது தாங்கும் சத்தமே கிடையாது. நீங்கள் வோல்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றவேண்டி வராது. அதே கம்பனியின் எச்டி 600ஐ எடுங்கள்: 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 97 டெசிபெல். தாளம் அடித்து நொறுக்கும் புதுப்பாட்டுக்கு அது போதும். மெல்லிய சத்தத்தில் பதிவான பழைய கச்சேரி என்றால் வோல்யூமை முழுக்கத் திருகியும் இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருக்கும். அம்ப் தேவைப்படுவது அங்கேதான். பேயர்டைனமிக்கின் 250 ஓம் மொடல்களும் இந்த இனம். ஓம் மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது, ஒரு வோல்ட்டுக்கோ ஒரு மில்லிவாட்டுக்கோ எத்தனை டெசிபெல் என்ற எண்ணையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

அம்ப் வாங்கினால் ஒலி ‘திறந்துகொள்ளும்’, ‘இனிமை கூடும்’ என்றெல்லாம் எழுதுவார்கள். சத்தம் போதுமானதாக, இரைச்சல் இல்லாமல், ஜாக்கின் உள்தடை ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால், அதற்குமேல் பெட்டி மாற்றி வரும் வித்தியாசம் மிகச் சிறியது. இரண்டையும் ஒரே சத்த அளவுக்குச் சரிசெய்து, எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டால், வித்தியாசம் மலைபோல் என்று சொன்னவர்களே தடுமாறுவார்கள். ஒன்று அரை டெசிபெல் கூட ஒலித்தாலும் அதுதான் ‘நல்லது’ என்று காது சொல்லிவிடும்.

லப்டொப்பின் ஜாக் உண்மையிலேயே மோசமாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டை நிறுத்திவிட்டு வோல்யூமைக் கூட்டுங்கள். சர்ரென்ற இரைச்சல் வருகிறதா, மவுஸை அசைக்கும்போது கிறுகிறு என்கிறதா என்று கவனியுங்கள். ‘ம்ம்ம்’ என்ற ஒரே சுருதி இரைச்சல் கேட்டால் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். அதோடு நின்றால் குற்றவாளி சார்ஜர், அல்லது வீட்டு எர்த். லப்டொப்பின் உலோகத்தைத் தொட்டால் மெல்லச் சுரீரென்கிற வீடுகளில் இது சகஜம். மூன்று முள் செருகியை எர்த் சரியாக உள்ள பொயின்ற்றில் போட்டாலே பெரும்பாலும் தீரும். மற்ற இரைச்சல்களுக்கு மருந்து, விரல் அளவான யூஎஸ்பி-சி டங்கிள் ஒன்று. டாக், சிறு அம்ப் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்பிள் விற்கும் டங்கிளின் அமெரிக்க விலை 9 டொலர்தான். அளந்து பார்த்தவர்கள் பலரும் மெச்சிய சாமான், விண்டோஸிலும் ஓடும். உங்கள் விலைக்கு அதற்கு மேலே போகவேண்டிய தேவையே இல்லை.

ஒலிக்கு வருவோம். பெட்டியில் ‘10 முதல் 40,000 ஹேர்ட்ஸ்’ என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். மனிதக் காதே நல்ல வயதில் 20 முதல் 20,000 வரைதான். அந்த எண், எந்த இடத்தில் கூடுகிறது எந்த இடத்தில் குறைகிறது என்பதைச் சொல்லாது. சொல்வது, ஒவ்வொரு ஹேர்ட்ஸிலும் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளந்து வரைந்த வரைபடம். ஷோன் ஒலிவும் டொட் வெல்ரியும் ஒலிக்கருவிக் கம்பனியான ஹார்மனின் ஆய்வுகூடத்தில் பலரைக் கேட்கவைத்து, எந்த மாதிரி வளைவை அதிகம் பேர் விரும்புகிறார்கள் என்று 2012க்குப் பிறகு ஆய்வுக் கட்டுரைகளாக எழுதினார்கள். இன்றைக்கு ‘ஹார்மன் டார்கெட்’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதிகம் பேருக்குப் பிடித்தது என்பது உறுதியான செய்தி. உங்களுக்குப் பிடிக்கும் என்பது உறுதியில்லை, ஏனென்றால் காதுமடலின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. பேஸ் எவ்வளவு வேண்டும் என்பதோ முழுக்க ருசி.

நீங்கள் கேட்கும் பாட்டுக்கு ஒரு விஷயம் முக்கியம். எண்பதுகளின் பதிவுகள் பலவற்றில் நடு ஸ்தாயிக்கு மேலே கொஞ்சம் காரம் கூட. பெண்குரல் ‘ஸ’, ‘ச’ சொல்லும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கும். நாதஸ்வரமும் அப்படித்தான்; எங்கள் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் பகுதியில் அதற்கு ஓசை நிறைய. கோணேசர் கோயில் வீதியில் நின்று கேட்கும்போது காற்றும் தூரமும் அதைத் தணித்துவிடும், காதோடு ஒட்டிய டிரைவர் தணிக்காது. ஆகவே கீச்சுப் பக்கம் தூக்கலாக இருக்கும் ஹெட்போன்களை, பேயர்டைனமிக் டிடி 990 மாதிரியானவற்றை, உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். புதுப்பாட்டுக் கேட்பவர் அதையே ‘தெளிவு’ என்று கொண்டாடுவார். இன்னொரு பக்கம், பேஸ் ஊதிப்போன ஹெட்போனில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி ‘கும்’ என்று நீண்டு வலப்பக்கமான வலந்தலையின் நுணுக்கத்தை மூடிவிடும். கடையில் சோதிக்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று போதும்: தொப்பியில் கையை உருட்டித் தேய்க்கும் கும்கி சுருதியோடு ஏறி இறங்குவது கேட்கிறதா, அதே நேரம் வலக்கை விரல் விழும் ஒவ்வொரு அடியும் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். பின்னால் தம்புரா தொடர்ந்து ஓடுவது பாட்டு நடுவிலும் தெரியவேண்டும்.

மொடல் பெயர் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். டொலர் 300 ரூபாய் அளவில் இருக்கும் கணக்கில் உங்கள் காசு 130 டொலர் சொச்சம். அதற்குள் கழிவு விலையில் கிடைத்தால் சென்ஹைசர் எச்டி 599, 50 ஓம், இதமான ஒலி, பழைய பாட்டுக்கு ஏற்றது. பிலிப்ஸ் எஸ்எச்பி9500 இதைவிட மலிவு, 32 ஓம், சாதாரண 3.5 மில்லிமீற்றர் வயரே அதற்குப் போதும் என்பது பெரிய வசதி, பஞ்சணை மாற்றுவதுதான் சிரமம். காசை இன்னும் கொஞ்சம் நீட்ட முடிந்தால் எச்டி 560எஸ். 240 கிராம், கீச்சும் பேஸும் சமநிலை, நான் ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால் அதுதான். மூடியது கட்டாயம் என்றால் ஓடியோ-டெக்னிகா எம்40எக்ஸ், அல்லது துணிப் பஞ்சணை உள்ள பேயர்டைனமிக் டிடி 770இன் 80 ஓம் வகை. டிடி 770இன் வயர் கழலாது என்பதை நினைவில் வையுங்கள். சோனியின் எம்டிஆர்-7506 1991இல் வந்து இன்னும் ஸ்டூடியோக்களில் கிடக்கிறது. உழைக்கும், ஆனால் அதன் பஞ்சணை இந்த ஊர்க் காற்றில் உரியத்தான் செய்யும்.

கடைக்காரரின் 7.1 பற்றி நீட்டத் தேவையில்லை. பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரு டிரைவர்தான். ஏழு திசை என்பது மென்பொருள் காட்டும் வித்தை. பாட்டு இரண்டு தடத்தில் பதிவானது, அதை ஏழாக இழுத்தால் குரல் கிணற்றுக்குள் போகும். காசில் பாதி மைக்குக்கும் வெளிச்சத்துக்கும் போய்விடும். புளூடூத்தும் உங்களுக்கு வேண்டாம். பாட்டு மட்டும் என்றால் ஒலி பரவாயில்லை, ஆனால் கதைப்பதற்காக அதன் மைக்கைத் திறந்த உடனே பல கணினிகளில் ஒலி ரெலிபோன் தரத்துக்கு விழுந்துவிடும். பற்றரியும் சில வருடத்தில் தளரும். விலை கூடிய வயரால் ஒலி மாறும் என்பதை நம்பாதீர்கள். நூறு மணித்தியாலம் ஓடவிட்டால் டிரைவர் ‘பழகும்’ என்ற கதையில், பழகுவது பெரும்பாலும் எங்கள் காதும் பஞ்சணையும்தான்.

வாங்கியபிறகு காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய முன்னேற்றம் ஈக்குவலைசர், அதாவது பேஸ், நடு, கீச்சு என்று ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது. விண்டோஸுக்கு ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் மொடலுக்குத் தயாரான எண்களை இணையத்தில் எடுத்து அதில் போடலாம். எந்த இடத்தையாவது கூட்டினால் அதே அளவுக்கு மொத்தச் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உச்சியில் ஒலி கிழியும். ஈக்குவலைசர் ஏபிஓ போடுமுன் விண்டோஸின் ஒலி அமைப்பில் ‘மேம்பாடுகள்’ என்று இருப்பதை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்டுப்பாருங்கள்; ஏபிஓ போட்டபிறகு அங்கே எல்லாவற்றையும் அணைத்தால் ஏபிஓவும் சேர்ந்து நின்றுவிடும். சில லப்டொப்பில் அந்த ‘மேம்பாடுகள்’தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

திருகோணமலையில் இந்த வகையைப் போட்டுப் பார்த்து வாங்குவது கஷ்டம். கொழும்புக்கு வேறு அலுவலாகப் போகும்போது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் ஒரு நடை போய், உங்கள் லப்டொப்பையே கொண்டுபோய்ச் செருகிக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒலி தெரியும். இறுக்கம் தெரிய இருபது நிமிடம் வேண்டும், தாடைக்கு மேலேயும் உச்சந்தலையிலும் எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள். இணையத்தில் வாங்கினால், பெயர்பெற்ற மொடல் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றாலே போலியாக இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உத்தரவாதம் தருவது ஏஜென்டா, விற்பவரின் வாய்வார்த்தையா என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு விலையோடு ஒப்பிடும்போது 18 சதவீத வற் வரியையும் கூட்டிப் பாருங்கள். இங்கே விலை கூட என்பதில் ஒரு பங்கு அதுதான்.

ஆறேழு மணித்தியாலம் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 என்றால் 4 மணித்தியாலம்தான். ஃபேன் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக வோல்யூமை ஏற்றுவதுதான் எங்கள் வீடுகளில் நடக்கிற ஆபத்து. ஹெட்போனைப் போட்டபடி, ஒரு கை தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகக் கதைப்பது திறந்த ஹெட்போனிலேயே உங்களுக்கு விளங்கவில்லை என்றால் சத்தம் கூடிவிட்டது.

கண்ணாடி போடுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுபவர் என்றால் மூடிய வகையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு தடவை யோசியுங்கள்: கண்ணாடிக் கால் பஞ்சணைக்கு அடியில் விடும் சிறு இடைவெளியே பேஸைக் குறைத்துவிடும், திறந்த வகையில் அந்தப் பாதிப்புக் குறைவு. எச்டி 560எஸ் எடுத்தால் அதன் வயர் 3 மீற்றர் நீளம். மிச்சத்தைச் சுருட்டி மேசைக் காலில் கட்டிவையுங்கள், சில்லு வைத்த கதிரை ஏறி நசிந்த வயர்கள் என்னிடம் நிறைய வருகின்றன. முனையில் பெரிய 6.3 மில்லிமீற்றர் ஜாக்தான் இருக்கும். லப்டொப்புக்குச் சிறிதாக்கும் அடாப்டர் பெட்டிக்குள்ளேயே வரவேண்டும், கடையில் வைத்தே திறந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.